கல்லூரிக் கூட்டம் 10 பேர், 5 நாள் மலைப்பயணம்: எதை வைப்பது, எதை வெட்டுவது?

பின்பெஞ்ச் (#1)

கல்லூரியில் ஒன்றாகப் படித்த 10 பேர், எல்லோரும் 52-லிருந்து 55 வயது. 3 பேர் சென்னை, 3 பேர் பெங்களூரு, 2 கோவை, 2 மதுரை. ஜனவரி பிற்பாதியில் 5 நாள். ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆகியிருக்கிறது, 2 பேருக்குச் சர்க்கரை, ஒருவர் தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமலிருக்க இரவில் சிபாப் (CPAP) மெஷின் மாட்டித் தூங்குபவர். வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஓடும் திட்டம்: ஊட்டி, முதுமலை, வால்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, கொடைக்கானல். 3 சொந்தக் கார். இது ஓடுமா? ஓடாதென்றால் எங்கே சிக்கும் என்று சொல்லுங்கள்.

கொண்டைஊசி (#2)

ஓடாது. ஊர்களை எண்ணாதீர்கள், மலை ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். ஊட்டி ஏறி இறங்க 2, வால்பாறை ஏறி அதிரப்பள்ளிப் பக்கம் இறங்க 2, மூணாறு 2, கொடை 2. ஆக 5 நாளில் 8 மலைப்பாதை. 10 பேர் கூட்டத்துக்கு ஒரு மலைப்பாதை என்றால் அரை நாள் போனது போனதுதான். அறையைக் காலி செய்து கிளம்பவே 10 மணி ஆகும், நடுவில் டீ, போட்டோ, ஒருவருக்கு வாந்தி. 5 நாளுக்கு 2 மலைக்கு மேல் வைத்தால் வண்டியின் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

ஊட்டியையும் கொடையையும் வெட்டுங்கள். மிச்சத்தை ஒரே கோட்டில் போடலாம்:

முதல் நாள் பொள்ளாச்சியில் கூடி ஆழியாறு வழியாக வால்பாறை. 2-ஆம் நாள் வால்பாறையிலேயே. 3-ஆம் நாள் அதே வழியில் இறங்கி உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. 4-ஆம் நாள் மூணாறு. 5-ஆம் நாள் தேவிகுளம், கேப் ரோடு, பூப்பாறை, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை. அங்கிருந்து அவரவர் ஊருக்கு.

தூரம் ஏறத்தாழ: பொள்ளாச்சி–வால்பாறை 65 கி.மீ., பொள்ளாச்சி–உடுமலை 28, உடுமலை–மூணாறு 88, மூணாறு–போடி 68, போடி–மதுரை 90. காகிதத்தில் இது ஒன்றுமேயில்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வேனில் நிற்காமல் போனாலே ஒன்றரை மணிக்கு மேல். 9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூ. வரையாடு பெரும்பாலும் அங்கே பாறைச் சரிவிலேயே நிற்கும், ஆழியாறு அணை மொத்தமாகக் கீழே தெரியும். அங்கே 20 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதைக்கு மணிக்கு 20–25 கி.மீ. என்றும் சமவெளிக்கு 45 என்றும் கணக்கு வைத்தால் பிசகாது. மேப் காட்டும் நேரத்தை நம்பினால் ஒவ்வொரு நாளும் 2 மணி நேரம் தாமதம்.

சோலைமந்தி (#3)

கொண்டைஊசி சொன்ன பாதை சரி. காட்டுப் பக்கக் கணக்கை நான் சேர்க்கிறேன்.

இந்தப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பவை சோதனைச் சாவடிகள். ஆழியாறு, உடுமலைக்கு மேலே ஒன்பதாறு, கேரளப் பக்கம் சின்னாறு. ஒன்பதாறிலிருந்து சின்னாறு வரை ஆனைமலைப் புலிகள் காப்பகம், அதற்கப்பால் சின்னாறு சரணாலயம். மாலையானால் யானை சாலைக்கு வரும் இடம், இரவில் விடமாட்டார்கள். எல்லாச் சாவடியையும் மாலை 4-க்குள் தாண்டும்படி திட்டமிடுங்கள். மூடும் நேரத்தைக் கேட்டுவைத்து அதை ஒட்டிப் போய்ச் சேரும் பழக்கம் மலையில் உதவாது. ஒரு பஞ்சர் ஆனால் அன்றைய இரவு உடுமலை லாட்ஜில்தான்.

வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயம். ஊட்டிக்கும் கொடைக்கும் 2024 மே 7 முதலே சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இருக்கிறது. பாஸ் இலவசம், இணையத்தில் 5 நிமிட வேலை. ஆனால் அதில் வண்டி எண் கேட்கும். வாடகை வண்டிக்காரர் கடைசி நிமிடத்தில் வேறு வண்டி அனுப்பினால் அந்தப் பாஸ் செல்லாது. இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஆகவே முந்தின நாள் மாலை வண்டி எண்ணைப் போட்டோவாகவே வாங்கிக்கொண்டு பதியுங்கள்.

தேதி விஷயம்: பொங்கல் விடுமுறை, ஜனவரி 26 ஒட்டிய நாட்கள் இரண்டையும் தவிருங்கள். பிப்ரவரிக்குத் தள்ளினாலோ இரவிகுளம் தேசியப் பூங்கா கிடைக்காது. வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் 2 மாதமும் வழக்கமாக மூடிவிடுவார்கள். ஜனவரி 19–23 மாதிரி வார நாட்கள் கிடைத்தால் அள்ளிக்கொள்ளுங்கள்.

பின்பெஞ்ச் (#4)

நன்றி. குழுவில் இரண்டு பேர் அதிரப்பள்ளியை விடவே மாட்டேன் என்கிறார்கள். வால்பாறையிலிருந்து சோலையாறு, மளுக்கப்பாறை வழியாக இறங்கினால் என்ன குறை?

கொண்டைஊசி (#5)

அழகில் குறையே இல்லை. சொல்லப்போனால் உடுமலை வழியை விட அந்தக் காடு அடர்த்தி. பிரச்சினை அதற்கப்புறம் மூணாறு போவதில். வால்பாறை–சாலக்குடி 107 கி.மீ., பாதியில் வாழச்சால் வரை ரோடு குறுகல். மளுக்கப்பாறை சாவடியில் வண்டியின் நேரம், பிளாஸ்டிக் பாட்டில் எண்ணிக்கை எல்லாம் குறித்துச் சீட்டுக் கொடுப்பார்கள், வாழச்சாலில் சரிபார்ப்பார்கள். நடுவில் நிறுத்த முடியாது. சாலக்குடி இறங்கிய பிறகு அங்கமாலி, பெரும்பாவூர், கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி என்று இன்னொரு 110 கி.மீ.க்கு மேல். ஒரே நாளில் செய்தால் காலை 7-க்குக் கிளம்பி இரவு 8-க்குப் போய்ச் சேர்வீர்கள். அருவியில் கிடைப்பது ஒரு மணி நேரம். போதாக்குறைக்கு அருவிக்கு அடியில் போய்ப் பார்க்கச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். முழங்கால் மாற்றியவர் மேலேயே நின்றுவிடுவார்.

அதிரப்பள்ளி வேண்டும் என்பவர்களிடம் கேளுங்கள்: மூணாறைக் கொடுத்துவிடத் தயாரா? தயார் என்றால் வால்பாறை 2 இரவு, அதிரப்பள்ளி 1 இரவு, கொச்சி 1 இரவு, அங்கிருந்து ரயில். அதுவும் நல்ல பயணம்தான். இரண்டையும் கேட்பதுதான் தப்பு. ஜனவரியில் அருவியில் தண்ணீரும் குறைந்திருக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

டெம்போக்காரன் (#6)

வணக்கமுங்க. வண்டி விஷயம் மட்டும் நான் சொல்றேன்.

3 கார் வேண்டாமுங்க. 3 பேர் ரோட்டையே பார்த்துட்டு வருவாங்க, சாயந்திரம் அலுத்துப் படுத்துடுவாங்க. 3 இ-பாஸ் எடுக்கோணும். ஒரு கார் வழி தவறினா மத்த ரெண்டும் அரை மணி நிக்கும். பேச்சும் மூணாப் பிரிஞ்சு போயிரும். எதுக்குக் கூடறோம்?

10 பேருக்கு 12 சீட் டெம்போ டிராவலர் எடுக்கலாம்னு தோணும். எடுத்தா சாமான் வைக்க இடமில்லை. கடைசி வரிசைல பெட்டியை அடுக்குனா அந்த வரிசை சீட்டு பூராவும் போச்சு. 14 இல்லாட்டி 17 சீட் கேளுங்க. 17-க்கு மேல போகாதீங்க. நீள வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) வண்டி வால்பாறை வளைவுல எதிர்ல பஸ் வந்தா ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்போணும். 3350 மி.மீ. வீல்பேஸ்காரன் ஒரே வீச்சுல திரும்பற இடத்துல 4020-காரன் தடுமாறுவான். மேல கேரியர்ல ஏத்தற பழக்கம் மலைக்கு ஆகாது, வண்டி ஆட்டம் கூடும். ஆளுக்கு ஒரு துணிப்பை, 10 கிலோவுக்குள்ள. சக்கரம் வச்ச கெட்டிப் பெட்டி கொண்டு வராதீங்கன்னு இப்பவே சொல்லிருங்க.

இப்பக் காசுக் கணக்கு. வண்டிக்காரங்க ரெண்டு விதமாப் பேசுவாங்க. கிலோமீட்டர் கணக்குன்னா ஒரு நாளைக்குக் குறைஞ்சது 250 இல்ல 300 கி.மீ. ஓடினதா வச்சுத்தான் பில் போடுவாங்க. உங்க ஓட்டத்தைப் பாருங்க: கோவை செட்டுல (வண்டி நிக்கற இடம்) இருந்து வால்பாறை 105, அங்க சுத்த 60, வால்பாறை–மூணாறு 181, அங்க சுத்த 60, மூணாறு–மதுரை 158, வண்டி காலியாக் கோவை திரும்ப 215. மொத்தம் 779. 250 வச்சு 5 நாளுக்கு 1,250 கி.மீ.க்குப் பில் வரும். ஓடாத 471 கி.மீ.க்குத் தண்டம். மலைப்பயணத்துக்கு எப்பவும் நாள் வாடகை தனி, டீசல் தனின்னு பேசுங்க. மலைல லிட்டருக்கு 8 கி.மீ.ன்னு வச்சா 97 லிட்டர், 100-ன்னு வச்சுக்கங்க. ஏறும்போது டேங்க் ஃபுல், இறங்கினதும் டேங்க் ஃபுல், கணக்கு முடிஞ்சது.

பேசும்போதே எழுதி வாங்க வேண்டியது: டிரைவர் பேட்டா ஒரு நாளைக்கா, இரவுக்குத் தனியா, டோல், பார்க்கிங், கேரள பெர்மிட் யார் தலைல, ஏசி மலைலயும் ஓடுமா, கிலோமீட்டர் செட்டுல இருந்து செட்டுக்கா. கடைசி வரியைக் கேக்காம விட்டுட்டு மதுரைல சண்டை போடாதீங்க.

வெள்ளை போர்டு வண்டியை (சொந்த உபயோகத்துக்குப் பதிஞ்சது) வாடகைக்கு எடுக்காதீங்க, எவ்வளவு குறைச்சாலும். விபத்துன்னா இன்சூரன்ஸ் கை விரிச்சிரும், சாவடில நிறுத்தினா பயணமே நின்னுரும்.

பின்பெஞ்ச் (#7)

டிரைவருக்கு மலை அனுபவம் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோருமே உண்டு என்கிறார்கள்.

டெம்போக்காரன் (#8)

"கடைசியா வால்பாறை எப்பப் போனீங்க, சாப்பாட்டுக்கு எங்க நிறுத்துவீங்க"ன்னு கேளுங்க. பதில் உடனே வந்தா போனவர். யோசிச்சா போகாதவர்.

மத்தது முதல் இறக்கத்துல தெரிஞ்சிரும். எந்த கியர்ல ஏறுறமோ அதே கியர்ல இறங்கோணும், பெரும்பாலும் ரெண்டாவது. இஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும், பிரேக் தொட்டுத் தொட்டு விட்டாப் போதும். நாலாவதுல போட்டுட்டு பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்தா சூடேறி, ஃப்ளூயிட் கொதிச்சு, பெடல் தளதளன்னு உள்ள போகும். அதுக்கு முன்னாடி கருகல் வாடை வரும். வாடை வந்தா அந்த இடத்துல ஓரம் கட்டி அரை மணி நிக்கோணும். தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல டிரம் வெடிப்பு விடும். நியூட்ரல்ல விடறவரா இருந்தா சிரிச்சுக்கிட்டே ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டாவது தடவை சிரிக்காம சொல்லுங்க.

குறுகின இடத்துல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. சட்டத்துலயும் அப்படித்தான் இருக்குது.

கிளம்பறதுக்கு முன்னாடி டயர் பக்கச் சுவர்ல நாலு எண் பாருங்க. 2322-ன்னு இருந்தா 2022-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்சது. 5 வருசம் தாண்டினதுன்னா வேற வண்டி கேளுங்க. ஸ்டெப்னியையும் அதே மாதிரி பாருங்க, அதை யாரும் பாக்கறதில்லை.

டிரைவர் தூங்க இடம் கேட்டு அறை போடுங்க. ராத்திரி வண்டிக்குள்ள குளிர்ல சுருண்டு படுத்தவரை நம்பி மறுநாள் 17 வளைவு இறங்கக்கூடாது.

தண்டவாளம் (#9)

கூடும் இடம் கோவையா பொள்ளாச்சியா என்று பேசவில்லை. பொள்ளாச்சியே நல்லது. மதுரைக்காரர்கள் காலை மதுரை–கோவை ரயிலில் ஏறினால் அது பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகத்தான் வருகிறது, இறங்கிக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்கு சென்ட்ரல்–பாலக்காடு ரயில் (22651) திண்டுக்கல், பழனி வழியாகப் பொள்ளாச்சியில் நிற்கும். கிடைக்காவிட்டால் சேரனிலோ நீலகிரியிலோ கோவை வந்து அங்கிருந்து வேனிலேயே ஏறிக்கொள்ளட்டும். பெங்களூரு கன்டோன்மென்டிலிருந்து வரும் வந்தே பாரத் பிற்பகல் கிளம்பி இரவில்தான் கோவை சேரும். அவர்கள் முந்தின இரவே வந்து தங்க வேண்டும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முன்பு 120 இருந்தது, 2024 நவம்பர் 1-இல் குறைத்தார்கள். பழைய நினைப்பில் இருப்பவர்கள் குழுவில் கட்டாயம் இருப்பார்கள். ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே டிக்கெட்டில், 6 பேர்தான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் உள்ள கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் வேலை செய்யும். கூட்டத்தோடு ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. 60 தாண்டாத முழங்கால்காரருக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை. அவருக்கு "கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்ற குறியைப் போட்டுத் தனி டிக்கெட்டாக எடுங்கள்.

திரும்ப: போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் உண்டு, 2023 ஜூன் முதல். ஆனால் வாரம் 3 நாள்தான். அது அமையாவிட்டால் மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். 5-ஆம் நாள் இரவு ரயிலுக்கு மூணாறிலிருந்து காலை 9-க்கு மேல் கிளம்பாதீர்கள்.

பெங்களூரு நண்பர்கள் காரில் வருகிறேன் என்றால் சாமராஜநகர்–திம்பம் வழி வேண்டாம். 27 கொண்டை ஊசி, இரவு 9 முதல் காலை 6 வரை தடை. கிருஷ்ணகிரி, சேலம் வழியே வரட்டும்.

மாத்திரைப்பெட்டி (#10)

உடல் சம்பந்தமாக யாரும் எழுதவில்லை, ஆகவே.

உயரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். வால்பாறை சுமார் 1,100 மீட்டர், மூணாறு 1,500–1,600. உயர நோய் கவலை 2,500-க்கு மேல்தான் தொடங்கும். இங்கே தொல்லை வளைவுகள்தான்.

வாந்தி வருபவரை முன்சீட்டிலோ, இரண்டு அச்சுக்கும் நடுவில் உள்ள சீட்டிலோ உட்கார வையுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கடைசி வரிசைதான் வளைவில் அதிகம் வீசும். போனைப் பார்க்கக் கூடாது. மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு, ஆழியாற்றிலேயே போட்டால் பயனில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த வாந்தி மாத்திரைகளில் பல, புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் ஆகாது. 50 தாண்டிய கூட்டத்தில் "இந்தா, ஆளுக்கு ஒண்ணு" என்று விநியோகிக்கும் மாத்திரை இல்லை இது. அவரவர் மருத்துவரிடம் கேட்டு அவரவர் கொண்டு வரட்டும். போட்ட அன்று மது தொடக் கூடாது.

சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்து, நேரம் தவறும் சாப்பாடு. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு ஏறி, நடுவில் போக்குவரத்து நின்றால் 2 மணி நேரம் எதுவும் கிடைக்காது. கையில் குளூக்கோஸ் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலின் நிறுத்தி வைத்த வேனில் கிடக்கக் கூடாது, ஹோம்ஸ்டே ஃபிரீசரிலும் வைக்கக் கூடாது. உறைந்தால் அது வீண்.

ஒன்றரை மணிக்கொரு முறை கழிவறைக்கு நிறுத்தம் வையுங்கள். பொள்ளாச்சியில் ஒன்று, ஆழியாற்றில் ஒன்று. வளைவு தொடங்கிய பின் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, காடு அது.

அறை பதியும்போது மூன்று கேள்வி: மேற்கத்திய கழிவறையா, அறைக்குப் போக எத்தனை படி, இரவு கரன்ட் போனால் இன்வெர்ட்டர் பிளக் பாயின்டுக்கு வருமா, விளக்குக்கு மட்டுமா. சிபாப்காரருக்கு மூன்றாவதுதான் முக்கியம். ஈரப்பதத் தொட்டியை அணைத்துவிட்டால் மெஷின் 30–40 வாட் இழுக்கும், 8 மணிக்கு 320 வாட்-அவர். அந்த அளவு பேட்டரிப் பெட்டி எடுத்து வருவதென்றால் விமானத்தில் ஏற்ற முடியாது. 100-க்கு மேல் அனுமதி கேட்க வேண்டும், 160-க்கு மேல் அறவே இல்லை. கோவைக்காரர் வேனில் கொண்டு வரட்டும்.

நெஞ்சுவலி என்றால் 108, இரு மாநிலத்திலும் அதே எண். மூணாறில் டாடா ஹை ரேஞ்ச் மருத்துவமனை இருக்கிறது. வால்பாறையில் அரசு மருத்துவமனை. அதற்கு மேல் என்றால் பொள்ளாச்சி இறங்க வேண்டும்.

கொண்டைஊசி (#11)

மாத்திரைப்பெட்டி சொன்ன கடைசி வரியை வைத்து ஒரு யோசனை. ஒரு வேனோடு ஒரே ஒரு சொந்தக் காரும் போகட்டும். யாருக்காவது முடியாமல் போனால் கார் இறங்கிவிடும், மற்ற 8 பேர் பயணம் நிற்காது. காலையில் சீக்கிரம் எழுந்து காட்டெருமை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஆகும். டெம்போக்காரர் ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை.

டெம்போக்காரன் (#12)

ஒண்ணு சரிங்க. மூணுதான் ஆகாது. ஆட்டோமேட்டிக் காரா இருந்தா இறங்கும்போது டி-ல விடாம மேனுவல் இல்ல எல்-க்கு மாத்தச் சொல்லுங்க.

கணக்கன் (#13)

பணம். பழைய நண்பர்களுக்குள் கசப்பு வருவது இதில்தான். கேட்கக் கூச்சம் என்பதால் உள்ளேயே புளித்துக்கொண்டு கிடக்கும்.

"யார் யார் வர்றீங்க" என்று குழுவில் கேட்டால் 23 கட்டைவிரல் விழும். அதை எண்ணாதீர்கள். தேதியை அறிவித்து, 10 நாள் கெடு வைத்து, முன்பணம் போட்டவரை மட்டும் எண்ணுங்கள். வண்டியும் அறையும் அதற்குப் பிறகு.

விலகுவோர் விதியை முன்பணம் வாங்கும் அதே செய்தியில் எழுதுங்கள். வேன் வாடகை 10-ஆகப் பிரிந்தாலும் 8-ஆகப் பிரிந்தாலும் மொத்தம் மாறாது. இரண்டு பேர் கடைசி நாளில் விலகினால் மிச்சம் ஒவ்வொருவர் தலையிலும் 25 சதவீதம் ஏறும். எனவே வேன் பங்கு திரும்ப வராது. அறைப் பங்கு, விடுதி எவ்வளவு திருப்பித் தருகிறதோ அவ்வளவு. இது எழுத்தில் இருந்தால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

பொதுச் செலவு (வேன், டீசல், பேட்டா, அறை, சாவடி, ஒன்றாகச் சாப்பிட்டது) ஒரு கணக்கு. மது முழுக்கத் தனிக் கணக்கு, குடிப்பவர்களுக்குள். குடிக்காத இருவர் அதில் பங்கு கொடுப்பதுதான் பெரும்பாலான குழுக்களில் சொல்லப்படாத மனத்தாங்கல். தனி அறை வேண்டுபவர் வித்தியாசத்தைத் தானே கட்டட்டும்.

ஒருவரே பொருளாளர், ஒரே கணக்கு, தினம் இரவு குழுவில் அன்றைய செலவு. பயணம் முடிந்த பின் போடும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள், பொருளாளர் உட்பட. யுபிஐ-யை மட்டும் நம்பி ஏறாதீர்கள். காட்டுப் பகுதியில் சிக்னல் கிடையாது, வால்பாறை எஸ்டேட்களில் வரும் போகும். 100, 200 நோட்டாகப் பொருளாளரிடம் ரொக்கம் இருக்கட்டும். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

பின்பெஞ்ச் (#14)

மது பற்றி வந்ததால் கேட்கிறேன். வால்பாறையில் வாங்கி மூணாறுக்குக் கொண்டு போகலாமா?

சோலைமந்தி (#15)

கூடாது. கேரளத்துக்குள் வெளிமாநில மது கொண்டு போவது கலால் குற்றம். சின்னாற்றில் பையைத் திறந்து பார்ப்பார்கள். 10 பேர் வேன் என்றாலே சந்தேகம்தான். வேண்டுமானால் அந்தந்த மாநிலத்தில் அங்கேயே.

பாட்டில் எதுவானாலும் காட்டில் வீசாதீர்கள். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் ஆறாத புண்ணாகிவிடும். தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில், வேனில் 20 லிட்டர் கேன் ஒன்று. சாவடியில் பாட்டில் எண்ணும் வேலையே மிச்சம்.

வால்பாறை 2-ஆம் நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை 6:30-க்குப் புதுத்தோட்டம் பக்கம் போனால் சிங்கவால் குரங்குகள் சாலை ஓரத்திலேயே. உணவு காட்டவே காட்டாதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடுகின்றன. பிறகு சோலையாறு அணை, மாலைக்கு முன் நல்லமுடிப் பூஞ்சோலை. அங்கிருந்து ஆனைமுடிப் பக்கம் பள்ளத்தாக்கு விரியும், கொஞ்சம் நடக்க வேண்டும். சின்னக்கல்லாறு, வனத்துறை திறந்து வைத்திருந்தால் மட்டும்.

ஆற்றில் இறங்காதீர்கள். கூழாங்கல் ஆறு முழங்கால் ஆழம் மாதிரித் தெரியும். உருண்டைக் கல் காலடியில் புரளும், பாறை இடுக்கில் திடீர்க் குழி இருக்கும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் 5 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். 55 வயதுக்கு நீச்சல் தெரியும் என்பது 20 வயது நினைவு.

இருட்டிய பின் ஹோம்ஸ்டே வாசலைத் தாண்டி நடக்க வேண்டாம். தேயிலைக்குள் சிறுத்தை, காட்டெருமை, கரடி எல்லாம் உண்டு. சிகரெட்டுக்காக ரோட்டுக்குப் போகிறேன் என்பவரை உட்கார வையுங்கள். தங்குமிடம் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள். பதிவு இல்லாதவற்றை அவ்வப்போது சீல் வைக்கிறார்கள், முன்பணம் போய்விடும்.

கொண்டைஊசி (#16)

மூணாறில் டவுனுக்குள் தங்காதீர்கள். மாலை நெரிசலில் ஒரு கி.மீ.க்கு அரை மணி ஆகும். நீங்கள் போடிப் பக்கம் வெளியேறுவதால் தேவிகுளம் அல்லது சின்னக்கானல் பார்த்து எடுங்கள். கடைசி நாள் டவுனைத் தொடாமலே கிளம்பலாம். சின்னக்கானல் யானை ஊர். அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துக் கொண்டுபோனார்கள் என்பதால் வேறு யானை இல்லை என்று அர்த்தமில்லை. 6 மணிக்கு மேல் வெளியே சுற்றல் இல்லை.

இரவிகுளத்துக்கு டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து எடுத்துவிடுங்கள், காலை முதல் நேரம். சொந்த வண்டி வாசல் வரைதான், மேலே அவர்கள் பஸ். பஸ் விடும் இடத்திலிருந்து ஏற்றமான தார்ச்சாலையில் நடை. முழங்கால்காரர் முடிந்த வரை நடந்து திரும்பலாம், வரையாடு கீழேயே கிடைக்கும். குறிஞ்சி கேட்பார்கள். 2018-இல் பூத்தது, அடுத்து 2030.

கேப் ரோடு அகலப்படுத்திய பிறகு அருமையாக இருக்கிறது, ஆனால் மழை பெய்தால் மண் சரியும். ஜனவரியில் பெரும்பாலும் பயமில்லை. மூடியிருந்தால் ஆனச்சால், ராஜாக்காடு சுற்றிப் பூப்பாறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடும். டாப் ஸ்டேஷனிலிருந்து பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்கு மேப்பில் ஒரு கோடு தெரியும். குழுவில் ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் கொடியேற்றுவார். அந்தப் பாதை வண்டிகளுக்கு மூடி எத்தனையோ வருடமாயிற்று.

போடிமெட்டில் 17 வளைவு. இறங்கும்போது இடப்பக்கம் வலப்பக்கம் என்று எல்லோரும் ஜன்னல் மாற்றுவார்கள், டிரைவருக்கு அது பிடிக்காது. மேலேயே ஒரு டீக்கு நிறுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்து இறங்குங்கள்.

பின்பெஞ்ச் (#17)

குழுவில் போட்டுவிட்டேன். ஊட்டி, கொடை, அதிரப்பள்ளி மூன்றும் போயிற்று. ஒருவர் மட்டும் முகம் சுளித்த பொம்மை போட்டிருக்கிறார். 17 சீட் வேன், நாள் வாடகை, ஒரு கார். பொள்ளாச்சியில் 11 மணிக்குக் கூடுவது, சாப்பாடு முடித்து 12:30-க்கு ஏறுவது. முன்பணக் கெடு 10 நாள்.

ஒரே சந்தேகம்: இ-பாஸில் காருக்கும் வேனுக்கும் சேர்த்து ஒன்றா, தனித்தனியா? பெயர் யார் பெயரில்?

சோலைமந்தி (#18)

வண்டிக்கு ஒன்று, ஆகவே இரண்டு. அந்தந்த வண்டியில் போகிற ஒருவர் பெயரில், அவர் போன் எண்ணில் எடுங்கள். கியூஆர் குறியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிரைவருக்கும் அனுப்புங்கள், தாளில் ஒரு நகலும் எடுத்துவையுங்கள். சாவடியில் சிக்னல் போய் இணையப் பக்கம் திறக்காமல் நிற்கிற வண்டிதான் அங்கே அதிகம்.

டெம்போக்காரன் (#19)

12:30-க்கு ஏறுனா வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு 40 வளைவுங்க. சாப்பாட்டை அளவா வச்சுக்கங்க, இல்லாட்டி வேன் கழுவற காசையும் பொதுக் கணக்குல சேத்துருங்க.